ஒரே ஒரு சிவப்பு அட்டை

முதல் டின் வெடித்தபோது கிடங்கில் இருந்த எல்லாரும் தரையில் படுத்துக்கொண்டார்கள். யாம்னா மட்டும் படுக்கவில்லை. அவள் முகத்தில் மீன் இருந்தது.

துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். சுவரோரம் அடுக்கியிருந்த இரும்புக் கூடைகளில் ஒன்றிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. கூடவே ஒரு வாடை. ஆஸ்ஃபி துறைமுகத்தில் பிறந்தவளுக்கு மீன் வாடை புதிதில்லை. இது மீன் வாடை இல்லை. மூடியே இருக்க வேண்டிய எதையோ யாரோ தெரியாமல் திறந்துவிட்ட வாடை.

கூடையின் கழுத்தில் பச்சை அட்டை ஆடிக்கொண்டிருந்தது. ‘தேறியது.’

"அடியே யாம்னா, உசிரோட இருக்கியா?" துடைக்கும் மேசைக்கு அடியிலிருந்து இஸ்ஸா கேட்டாள். அதே மேசையில் எதிரெதிராக நின்று இருவரும் வருடக்கணக்காக டின் துடைக்கிறார்கள்.

"இருக்கேன்."

"மூஞ்சியில என்னடி?"

"மத்தி."

"வெந்ததா, வேகாததா?"

யாம்னா கன்னத்தில் ஒட்டியிருந்ததை விரலால் நசுக்கிப் பார்த்தாள். கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். மற்ற டின்களின் மூடிகள் எல்லாம் மேல்நோக்கி உப்பியிருந்தன.

இஸ்ஸாவும் வந்து பார்த்தாள். "எல்லாம் வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்குதுங்களே. இதுக்கெல்லாம் எத்தனாவது மாசம்?"

யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கூடை மட்டுமில்லை. சுவரோரம் இருந்த எல்லாக் கூடைகளும் அப்படித்தான் இருந்தன.

கடல் மூடியிருந்த பருவம் அது. மீன் பெருகட்டும் என்று படகுகளைக் கட்டிப்போட்டிருந்தார்கள். மூடுவதற்கு முந்தைய கடைசி நாள் வந்த மீன்தான் இந்தக் கூடைகளில் இருந்தது. மொத்தமும் ஒரே லாரிக்கு. லாரி போகும் இடம், மலையடிவாரத்து மாணவியர் விடுதி. அங்கேதான் யாம்னாவின் மகள் ஷாமா தங்கிப் படிக்கிறாள். போன வாரம்கூட போனில் கேட்டிருந்தாள்.

"தெனமும் பருப்புதான் உம்மா. உங்க ஆலை மீன் எப்ப வரும்?"

"வியாழக்கிழமை," என்று யாம்னா சொல்லியிருந்தாள்.

இன்று செவ்வாய்.

அட்டை எழுத்தர் ஷகீப் ஓடி வந்தான். அவன் இடுப்பில் ஒரு வளையம் நிறைய அட்டைகள் எப்போதும் குலுங்கும். வெடித்த டின்னைப் பார்க்கவில்லை. அட்டையைப் பார்த்தான்.

"தேறியிருக்கே."

"வெடிச்சிருக்குப்பா!"

"வெடிச்சதுன்னு எங்க போட்டிருக்கு?" என்று கேட்டுவிட்டு, அட்டையில் பட்டிருந்த எண்ணெயைத் துடைத்துவிட்டுப் போய்விட்டான். போகும்போது அவன் முகம் மட்டும் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

*

அட்டைகளுக்கென்றே ஒரு நிலைத் துறை வருவதற்கு முன்பும் எங்கள் ஆலையில் அட்டைகள் இருந்தன. அவித்த டின்னும் அவிக்காத டின்னும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். ஒன்று சாப்பாடு, மற்றது விஷம். மாறிவிடக்கூடாது என்று கூடையில் மஞ்சள் அட்டை கட்டுவார்கள். கொப்பரையில் அவிந்து வந்ததும் பச்சைக்கு மாற்றுவார்கள். ஒரு சணல் கயிறு, ஒரு அட்டை, விஷயம் முடிந்தது.

ஒருநாள் வெளிநாட்டுக் கொள்முதல்காரர் ஒருவர் வந்து, அட்டைகளைப் பார்த்து, "நல்ல ஏற்பாடு" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு பாராட்டுதான் வினை. அடுத்த மாதமே தனிக் கட்டடம், கண்ணாடிக் கதவு, துறைத் தலைவராக ஸி லம்ராபத்.

அவர் வந்ததும் அட்டை கூடையை விட்டு இறங்கி ஆலை முழுக்க நடக்கத் தொடங்கியது. தள்ளுவண்டிக்கு அட்டை. தேநீர்க் கெண்டிக்கு அட்டை. அது மஞ்சளாக இருக்கும்வரை யாரும் ஊற்றக்கூடாது. மீன் தலைக்காக வாசலில் உட்கார்ந்திருக்கும் பூனைக்கும் ‘காத்திருக்கிறது’ என்று மஞ்சள் அட்டை மாட்டினார்கள். அது ஒன்றுதான் எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. பிறகு மனிதர்கள் கழுத்திலும். புதியவர் மஞ்சள், நிரந்தரமானவர் பச்சை. சிவப்பு என்றால் ‘ஒதுக்கப்பட்டது’. நகர்த்தக்கூடாது, பயன்படுத்தக்கூடாது, மனிதராக இருந்தால் பேச்சைக் காதில் வாங்கக்கூடாது.

ஒரு பொருளுக்கு ஓர் அட்டை. அட்டையில்லாத பொருள் ஆலையில் இருக்க முடியாது. ஒரே பொருளுக்கு இரண்டு அட்டை என்பது பெருங்குற்றம். சாயங்காலச் சங்குக்குள் மஞ்சள் எல்லாம் பச்சையாகிவிட வேண்டும். ஆன பச்சையை மாற்றத் தலைவர் ஒருவரால்தான் முடியும்.

இஸ்ஸாவின் விரலை ஒருமுறை டின் மூடி அறுத்துவிட்டது. மருந்தறைக்காரர் அவள் கழுத்தைத்தான் முதலில் பார்த்தார். "பச்சைக்காரங்களுக்கு வைத்தியம் கிடையாதும்மா. நீ தேறினவ."

"ரத்தம் கொட்டுதுங்க!"

"தேறினவங்களுக்குக் கொட்டாதே."

கடைசியில் இஸ்ஸா தன் தலைத்துணியைக் கிழித்துத் தானே கட்டிக்கொண்டாள்.

*

உப்பிய டின் ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு யாம்னா தலைவரின் அறைக்குப் போனாள். வழியெல்லாம் அதை உடம்பை விட்டுத் தள்ளியே பிடித்திருந்தாள்.

"வாங்க லல்லா யாம்னா, உக்காருங்க," என்றார் ஸி லம்ராபத். சுத்தமான கை, சுத்தமான மேசை, நிதானமான குரல். "அந்த நாற்காலி வேண்டாம், அது மஞ்சள். இதுவும்... சரி, நின்னுக்கிட்டே சொல்லுங்க."

"இந்த டின் வேகலை, ஸி லம்ராபத்."

"யார் சொன்னது?"

"அதுவே சொல்லுதே. பாருங்க."

அவர் பார்த்தார். மறைக்கவோ மறுக்கவோ இல்லை. "நல்லாவே உப்பியிருக்கு. ஆனா டின் சொல்றதைக் கேக்கவா துறை வச்சிருக்கோம்? அது ஒண்ணு சொல்லும், நாளைக்கு வேற ஒண்ணு சொல்லும். மீன் அழுகும், லல்லா. மனுஷனும் அழுகுவான். நிலை அழுகாது. அதனால நான் மீனை நம்புறதில்ல."

"நீங்க நம்ப வேண்டாம். சிவப்பு மட்டும் மாட்டிடுங்க. வியாழக்கிழமை இதை என் பொண்ணு திங்கப் போறா."

"மாட்டலாம். ஆனா சிவப்பு இப்ப கடிகாரத்துல இருக்கு."

யாம்னாவுக்குப் புரியவில்லை. "எந்தச் சிவப்பு?"

"சிவப்புன்னா ஒண்ணுதான், லல்லா. பச்சை பத்தாயிரம் அச்சடிச்சோம். மஞ்சள் ஆயிரம். சிவப்பு ஒண்ணே ஒண்ணு. என் முத்திரை குத்தினது. பாக்க வர்றவங்களுக்குக் காட்டணுமே, எங்ககிட்ட சிவப்பும் இருக்குன்னு!" அவர் குரலில் பெருமை ஏறியது. "கூடுதலா இருந்தா யாராவது மாட்டிடுவாங்க. எத்தனை சிவப்போ அத்தனை தப்பு. மத்த ஆலைங்கள்ல நூறு தப்பு, இருநூறு தப்பு. நம்ம ஆலையில எந்த நாள்ல வந்து பாத்தாலும் ஒரே தப்பு. போன மாசம் ஜீலாலி. இந்த மாசம் வராந்தாவுல இருக்கிற கடிகாரம்."

"கடிகாரத்துலேர்ந்து எடுத்து இதுல மாட்டக்கூடாதா?"

"எடுத்துட்டா கடிகாரம் சரின்னு ஆயிடும்." ஸி லம்ராபத் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ஓடாத கடிகாரத்தைச் சரின்னு சொல்ல என் மனசாட்சி இடம் கொடுக்காது, லல்லா."

*

கொப்பரைகள் இருக்கும் கொட்டகை ஜில்லென்று இருந்தது. அங்கே வேலை பார்க்கும் ஜீலாலி குளிர்ந்த கொப்பரையில் சாய்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஜீலாலி மாமா, உண்மையைச் சொல்லுங்க. கடைசி நாள் சரக்கை அவிச்சீங்களா, இல்லையா?"

"எப்படிம்மா அவிக்கிறது? என்கிட்ட வரும்போதே எல்லாக் கூடையிலயும் பச்சை தொங்குச்சு."

"அவிக்கிறதுக்கு முன்னாடியேவா!"

"சங்குக்குள்ள ஒரு மஞ்சள்கூட இருக்கக்கூடாதுன்னு தலைவர் உத்தரவு. அன்னைக்குப் பாத்துப் படகெல்லாம் லேட்டு. ஷகீப் பாத்தான். டின் மூடுற மேசையிலேர்ந்து இங்க வர்றதுக்குள்ள வழியிலயே எல்லாத்தையும் பச்சையாக்கிட்டான். நான் அவிச்சுக்குவேன்னு நெனைச்சிருக்கான் பாவம்."

"நீங்க அவிச்சிருக்கலாமே மாமா!"

"போன மாசம் ஒரு பச்சையை அவிச்சேன். தேறினதை மறுபடி தேத்தப் பாத்தேன்னு குத்தம். சிவப்பை மாட்டிக்கிட்டு மாசம் பூரா திரிஞ்சேன். வீட்டுக்காரிகூடப் பேசலை."

"அவங்களுக்கு என்ன விதி?"

"விதியில்ல. அவ சாக்கு கிடைச்சதுன்னு இருந்துட்டா." ஜீலாலி சுவரைக் காட்டினார். சட்டம் போட்ட ஒரு பாராட்டுப் பத்திரம் தொங்கியது. அந்தக் கடைசி நாளில் ஒரு சொட்டு எரிபொருள்கூடச் செலவாகவில்லை என்பதற்காகக் கொடுத்தது. அதன் மூலையிலும் ஒரு பச்சை அட்டை இருந்தது.

யாம்னா வெளியே வந்து விடுதிக் காப்பாளருக்குப் போன் போட்டாள்.

"டின்னுக்கு என்ன அட்டைம்மா?" என்றார் அந்த அம்மாள்.

"பச்சைதான். ஆனா..."

"பின்ன என்ன? பிள்ளைங்க ஆசையா இருக்காங்க. வைங்க போனை."

மகளைக் கூப்பிட்டாள். "ஷாமா, வியாழக்கிழமை மீன் வந்தா தொடாதே. கேட்டியா?"

"நான் திங்கலைன்னா என் பங்கையும் பக்கத்துப் படுக்கை ஃபாத்தின் தின்னுடுவா உம்மா. அவ ரெண்டு பங்கு திங்கிறவ."

*

மறுநாள் புதன். தலைநகர் ரபாத்திலிருந்து, சிறந்த ஆலைக்குப் பரிசு தரும் குழு வருகிற நாள். காலையிலேயே யாம்னா கிடங்குக்குள் போய், முதல் கூடையின் பச்சை அட்டையைக் கயிறோடு அறுத்தெடுத்தாள்.

அட்டையில்லாத கூடையை எங்கள் ஆலையில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஷகீப் தன் கோட்டைக் கழற்றிக் கூடையின் மேல் போட்டு, "பாக்காதீங்க! யாரும் பாக்காதீங்க!" என்று கத்தினான்.

ஸி லம்ராபத் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. வராந்தாவுக்குப் போய், கடிகாரத்திலிருந்த சிவப்பு அட்டையைத் தன் கையாலேயே எடுத்துக்கொண்டு வந்து, யாம்னாவின் பச்சையைக் கழற்றி இதை மாட்டினார். குழந்தைக்குச் சட்டை போட்டுவிடுகிற மாதிரி கயிற்றை நேராக்கிவிட்டார்.

"உங்களுக்காகக் கடிகாரத்தைச் சரியாக்க வேண்டியதாப் போச்சு, லல்லா," என்றார் வருத்தத்தோடு.

அந்த நிமிடத்திலிருந்து எங்கள் ஆலையில் மணி எப்போதும் பத்தேகால். சங்கு ஊதுகிறவர் பள்ளிவாசல் பாங்கைக் கேட்டுத்தான் சமாளித்தார்.

யாம்னாவை ஒதுக்கல் மூலையில் நிறுத்தினார்கள். சுவர் கிடையாது, கம்பி கிடையாது. தரையில் ஒரு சிவப்புக் கோடு, அவ்வளவுதான். அதை யாரும் தாண்டியதில்லை. கூடைகளுக்கு எப்படி அந்த யோசனை வராதோ அப்படி மனிதர்களுக்கும் வந்ததில்லை.

"வேகலை! அது வேகலை!" என்று அங்கிருந்து கத்தினாள். தள்ளுவண்டிக்காரர்கள் கடந்து போனார்கள். கேட்கக்கூடாது என்பது விதி. இஸ்ஸா மட்டும் துடைக்கும் துணியை அவள் பக்கமாக உதறுகிற சாக்கில் ஒரு ரொட்டித் துண்டை எறிந்தாள்.

சன்னல் வழியாக லாரி தெரிந்தது. உப்பிய டின் கூடைகள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன. ஒருநாள் முன்னதாகவே கிளம்பப்போகிறது. குழு முன்னிலையில் கொடியசைத்து அனுப்ப வேண்டுமாம்.

*

பந்தல் போட்டிருந்தார்கள். ரபாத்துக்காரர்கள் மூன்று பேர். ஸி லம்ராபத் பேசினார்.

"முன்னெல்லாம் இந்த ஆலையில ஒரு பொருள் நல்லதா கெட்டதான்னு பாக்க, அதைத் திறக்கணும், மோந்து பாக்கணும், சில சமயம் தின்னும் பாக்கணும். எவ்வளவு காட்டுமிராண்டித்தனம்! இன்னைக்கு நாங்க பொருளைப் பாக்கிறதே இல்ல. பொருள் மேல எங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை!"

கைதட்டினார்கள்.

குழுவில் ஒல்லியாக இருந்தவர் மேசையில் அழகாக அடுக்கியிருந்த டின்களை உற்றுப் பார்த்தார். "ஏன் இப்படி உப்பியிருக்கு?"

"நிறைவு," என்றார் ஸி லம்ராபத். "மத்தவங்க டின்ல பாதி வெத்திடம். நம்மளுது நிறைஞ்சது."

ஒன்றைத் திறந்தார். புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு வந்தது. வாடை வரிசை வரிசையாகப் பின்னால் நகர்ந்தது. அது கடந்து போன ஒவ்வொருவரும் அகலமாகச் சிரித்தார்கள்.

"பிஸ்மில்லாஹ், எடுத்துக்குங்க."

குழுத் தலைவருக்கு மருத்துவர் உப்பை நிறுத்தச் சொல்லியிருந்தாராம். இரண்டாமவர் திங்கட்கிழமை நோன்பு வைத்திருப்பதாகச் சொன்னார். அன்று புதன். ஒல்லியானவர் ஒரு துண்டை எடுத்து, எல்லாரும் பார்க்கக் கைக்குட்டையில் மடித்து, "வீட்டுக்கு" என்றார்.

மூவரும் ஸி லம்ராபத்தைப் பார்த்தார்கள். அவர் டின்னைப் பார்த்தார். அதன் அடியிலிருந்த பச்சை அட்டையைப் பார்த்தார். பிறகு சாப்பிட்டார். நம்பித்தான் தின்றாரா, நம்புவதாகக் காட்டத் தின்றாரா என்று இன்றுவரை எங்களுக்குள் வாக்குவாதம் உண்டு. டின்னைக் காலி செய்தார் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை.

எல்லார் கண்ணும் அவர் வாயில் இருந்த அந்த நேரத்தில், யாம்னா சிவப்புக் கோட்டைத் தாண்டினாள்.

இடி விழவில்லை. மணி அடிக்கவில்லை. நடந்து போய், லாரியின் முன்பக்கக் கம்பியில் தன் கழுத்திலிருந்த சிவப்பு அட்டையைக் கழற்றி மாட்டினாள்.

ஓட்டுநர் புஷ்தா சன்னலில் தலையை நீட்டினார். "என்ன தங்கச்சி பண்ற?"

"மாட்டிட்டேன் அண்ணே."

அவர் இறங்கி வந்து வாசித்தார். முத்திரையைத் தடவிப் பார்த்தார். இன்ஜினை அணைத்தார். "அப்ப நான் சாப்பிடலாம்," என்று ஆலிவ் எண்ணெயும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு சக்கரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

கொடியோடு வந்த ஸி லம்ராபத் அட்டையைப் பார்த்ததும் கையை நீட்டினார். அதற்குள் குழுத் தலைவர் முந்திக்கொண்டார்.

"பரிசு நாள்லகூட ஒரு தப்பை மறைக்காம முன்னாடி நிறுத்தியிருக்கீங்களே! இதுதான் நேர்மை. நாங்க போய்ச் சேர்ற வரைக்கும் இது இப்படியே இருக்கட்டும். போட்டோ எடுங்கப்பா."

படத்தில் ஸி லம்ராபத் லாரிக்குப் பக்கத்தில் நின்று சிரிக்கிறார். ‘நாளைக்குக் கழற்றிவிடலாம்’ என்று அந்தச் சிரிப்பில் எழுதியிருந்தது.

யாம்னாவைத் தேடவில்லை. அவள் கழுத்தில் இப்போது அட்டையே இல்லை. அட்டையில்லாத பொருள் ஆலையில் இருக்க முடியாது. அதனால் அவள் முன்னால் வந்து நின்றாலும் ஷகீபின் கண் அவளைத் தாண்டிச் சுவரில் போய் விழுந்தது.

*

வியாழன் பிற்பகல். தலைவரின் அறையிலிருந்து அலறல் கேட்டது.

"ஷகீப்! இந்த மேசையில ரெண்டு அட்டை! நாற்காலியில ரெண்டு அட்டை! யார் பண்ணின வேலை இது?"

"ஒண்ணுதான் இருக்கு, ஸி லம்ராபத்."

"பொய்! கெண்டியில ரெண்டு! உன் கழுத்துல ரெண்டு! நீயே ரெண்டு பேரு நிக்கிறீங்க. உங்கள்ல ஒருத்தனை வேலையை விட்டுத் தூக்குறேன்!"

எந்த ஷகீபைத் தூக்கினார் என்று தெளிவாகாததால் ஷகீப் அங்கேயே நின்றான்.

சிறிது நேரத்தில் அவர் கண் இமைகள் கீழே இறங்கின. விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தார். நாக்கு தடித்துப் பேச்சு குழறியது. ஷகீப் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான். அது வாசல்வரை வந்தது. வாசல்காவலர் கேட்டார்: "யாருக்கு?"

"ஸி லம்ராபத்துக்கு."

"அவர் பச்சை. தேறினவருக்கு ஆம்புலன்ஸ் எதுக்கு? சிவப்பா இருந்தாச் சொல்லுங்க, கதவைத் திறக்கிறேன்."

தலைவரின் அட்டையை மாற்றத் தலைவரால்தான் முடியும். ஆலைக்குச் சிவப்பு ஒன்றுதான். அது லாரியில் இருந்தது. வேறு அட்டைக்குச் சிவப்புச் சாயம் பூசிக் கொண்டுவந்தால், அது போலி என்று வாசல் பூனைக்குக்கூடத் தெரியும்.

இஸ்ஸா மூச்சு வாங்க ஓடி வந்தாள். "அடியே, அந்த ஆள் சாகப்போறாண்டி. அட்டையை எடுத்துக் கொடுத்துடு."

யாம்னா லாரியிடம் போனாள். சிவப்பு அட்டையில் கை வைத்தாள்.

உடனே லாரி உறுமியது. புஷ்தா ரொட்டியை மடியில் போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். "சாயங்காலத்துக்குள்ள போய்ச் சேந்துடலாம். பிள்ளைங்க ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆயிடும்."

கையை எடுத்தாள். இன்ஜின் அணைந்தது.

மறுபடி வைத்தாள். மறுபடி உறுமியது. உள்ளே ஒரு டின் ‘டக்’ என்று தட்டியது, கதவைத் திறக்கச் சொல்கிற மாதிரி.

"அண்ணே, அதுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியுமில்ல உங்களுக்கு?"

"தெரியாம என்ன தங்கச்சி? மோப்பம் எனக்கும் இருக்கு." புஷ்தா கண்ணாடி வழியாக நேராகப் பார்த்தபடி சொன்னார். "நான் நிக்கணும்னா சிவப்பு வேணும். வேற எதுக்கு நான் நிக்கிறதாம்?"

யாம்னா தலைவரின் அறைக்கு ஓடினாள். அட்டையில்லாதவளை யாரும் தடுக்கவில்லை. ஸி லம்ராபத் நாற்காலியில் சரிந்திருந்தார். அவள் அவர் முன்னால் மண்டியிட்டாள்.

"ஸி லம்ராபத், கேளுங்க. அந்த டின் வேகலைன்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க. ஷகீப் கேக்கட்டும், இஸ்ஸா கேக்கட்டும். நீங்க சொன்னா சரக்கு நின்னுடும். அடுத்த நிமிஷம் சிவப்பை ஓடிப்போய் எடுத்துக்கிட்டு வந்து உங்களுக்கு மாட்டுறேன். சத்தியமா."

அவர் ஒரு விரலால் இமையைத் தூக்கினார். அவளைப் பார்த்தார். இரண்டு யாம்னா தெரிந்திருப்பார்கள். இரண்டு பேர் கழுத்திலும் அட்டை இல்லை. உதடு அசைந்தது.

"சொல்லுங்க. வேகலைன்னு சொல்லுங்க."

அவர் உடம்பில் மிச்சமிருந்த பலமெல்லாம் தொண்டைக்கு வந்தது. ஒவ்வோர் எழுத்தாக, தெளிவாக, துறைக்கே உரிய நிதானத்தோடு சொன்னார்.

"தே... றி... யது."

யாம்னாவும் இஸ்ஸாவும் அவரைத் தள்ளுவண்டியில் ஏற்றி வாசலுக்குக் கொண்டுபோனார்கள். "பச்சைச் சரக்கு தாராளமாப் போகலாம்," என்றார் காவலர். "லாரியில ஏத்திக்கிட்டு வாங்க." லாரி சிவப்பு. ஆளென்றால் சங்கு ஊதிய பிறகுதான் கதவு திறக்கும். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்வரை மூவரும் வெயிலில் காத்திருந்தார்கள். யாம்னா தன் தலைத்துணியால் அவருக்கு நிழல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சங்கு ஊதியது. தேறிய தொழிலாளர் கூட்டத்தோடு கூட்டமாக ஸி லம்ராபத்தும் பச்சை அட்டையோடு வெளியே போனார். திரும்பி வரவில்லை.

*

விசாரணை நடந்தது. இரண்டு அட்டைகள் பார்த்த அதிர்ச்சியில் தலைவர் இறந்ததாக முடிவு செய்தார்கள். டின்களைப் பற்றி விசாரிக்க எதுவுமில்லை, அவை பச்சை. இப்போது கொப்பரையில் எந்த நிறம் வந்தாலும் ஜீலாலி அவித்துவிடுகிறார். யாராவது கேட்டால், "அவிக்கலையே, குளிருக்குச் சூடு காட்டுறேன்" என்கிறார்.

லாரி அதே இடத்தில் நிற்கிறது. புஷ்தா தினமும் வந்து அதன் நிழலில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார். யாம்னாவும் தினமும் வருகிறாள். அவளுக்கு மேசை இல்லை, வேலை இல்லை, அவள் வருவது யாருக்கும் தெரியாது. அட்டையைப் பார்க்கத்தான் வருகிறாள்.

ஏனென்றால் அது வெளுக்கிறது. கடற்காற்றும் வெயிலும் பட்டுப் பட்டுச் சிவப்பு மங்குகிறது. யாம்னா உதட்டுக்குப் பூசும் அக்கர் சாயத்தின் மண் கிண்ணத்தை மடியில் வைத்திருப்பாள். விரலை நனைத்துத் தொட்டு, வெள்ளிக்கிழமைதோறும் அட்டைக்குப் பூசிவிட்டுப் போவாள். மழை பெய்தால் அதையும் கழுவிக்கொண்டு போய்விடும்.

நேற்று நல்ல மழை.

இன்று காலை புதிய தலைவர் பொறுப்பேற்றார். கறுப்புக் கண்ணாடி போட்ட இளைஞர். முற்றத்தைச் சுற்றி வந்தவர் லாரி முன்னால் நின்றார்.

"இது என்ன நிலை?"

"சிவப்புங்க," என்றான் ஷகீப்.

புதியவர் கண்ணாடியைக் கழற்றினார். குனிந்து பார்த்தார். "எனக்கு மஞ்சளாத் தெரியுதே?"

"மஞ்சள்னா சங்குக்குள்ள பச்சையாகணும். அதுதானே நம்ம விதி? மாத்துங்க." சொல்லிவிட்டு அடுத்த பொருளைப் பார்க்கப் போய்விட்டார். புஷ்தா ரொட்டியை மடித்து வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். இன்ஜின் உறுமியது.

யாம்னா வாசலில் நுழைந்தபோது அந்தச் சத்தம்தான் முதலில் கேட்டது. ஓடினாள். கிண்ணத்தில் எச்சிலைத் துப்பிக் குழைத்துக்கொண்டே ஓடினாள். அட்டையின் மேல் விரலை வைத்துத் தேய்த்தாள். கிண்ணத்தின் அடி தெரிந்தது. சுரண்டி எடுத்துத் தேய்த்தாள்.

முதுகுக்குப் பின்னால் அட்டைகள் குலுங்கும் சத்தம் வந்து நின்றது. ஷகீப். அவன் கையில் புதிய பச்சை அட்டை, கயிறு கோத்துத் தயாராக இருந்தது.

லாரிக்குள் எங்கோ ஒரு டின் ‘டக்’ என்றது.

ஷகீப் அவளைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி, வழக்கம்போலச் சுவரைத்தான் பார்த்தான். பார்த்தபடியே, சுவரிடம் சொல்கிற மாதிரி, தணிந்த குரலில் சொன்னான்.

"நல்லா அழுத்திப் பூசுங்க லல்லா. நாளைக்கும் மழையாம்."